தண்டவாளம் வேறானாலும் பயணம் ஒன்றே

(பிரிக்பீல்ட்ஸில் நடைபெற்ற பள்ளிப் பரிசளிப்பு விழாவில் தோட்டப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் மேன்மை, ஒழுக்கத்தின் உயர்வு என்று பேசுவது வழக்கம். அவற்றைப் பேச என்னிலும் மூத்தவர்கள் இந்த மேடையில் அமர்ந்திருக்கிறார்கள். நான் கிள்ளான் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஆசிரியன். பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழ்தான் என் கைமுதல். கணினிப் பொறியியல் படித்தவன் அல்லன். ஆனால் சின்னப் பள்ளியில் ஆசிரியர் என்றால் பாடமும் அவரே, பந்தாட்டமும் அவரே, கணினி மக்கர் பண்ணினால் கூப்பிடுவதும் அவரைத்தான். ஆகவே கையில் பட்ட ஒரு காரியத்தையே இன்று பேச வந்தேன். இரண்டு விதமான கணினிகள் ஒன்றுக்கொன்று கோப்புகளைக் கொடுக்க மறுத்தால் என்ன செய்வது என்பதே அது.

நம் பள்ளிகளின் நிலைமை உங்களுக்குத் தெரியும். அலுவலகத்தில் கிராணி வைத்திருப்பது விண்டோஸ் கணினி. முன்னாள் மாணவர் ஒருவர் அன்போடு கொடுத்துப் போனது மேக். மூலையில் கிடந்த பழைய பெட்டிக்கு லினக்ஸ் போட்டு உயிர் கொடுத்திருப்பார் ஓர் இளைஞர். மூன்றும் நல்ல கணினிகள்தாம். ஆனால் மேக்கில் தட்டச்சுச் செய்த சோதனைத் தாள் அலுவலகத்துக்குப் போகாது. அலுவலகத்தில் இருக்கும் பெயர்ப் பட்டியல் இங்கே வராது. கேட்டால், "அது வேற சாதி, இது வேற சாதி, ரெண்டும் சேராதுங்க சார்!" என்கிறார்கள். கணினியிலுமா சாதி?

சிரிப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. "சேராது" என்று முடிவு கட்டிவிட்டால் அடுத்த பேச்சு, "புதுசா ஒன்னு வாங்கிடுவோம்" என்பதுதான். 150 பிள்ளைகளுக்கும் குறைவாக உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறோம். அத்தகைய பள்ளியில் ஒரு புதுக் கணினியின் விலை என்பது பல பிள்ளைகளின் பேருந்துக் கட்டணம், நூலகத்துக்கு வரவேண்டிய புத்தகம். ஆகையால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கணினிகள் கோப்பைப் பகிர மறுத்தால், பழுது பெரும்பாலும் பெட்டியில் இல்லை. பாதை, பெயர், கதவு, சாவி, அலமாரி என்னும் ஐந்து இடங்களில் ஏதோ ஒன்றில் இருக்கிறது. வரிசையாகப் பார்த்தால் அகப்படும். பதறாத காரியம் சிதறாது.

இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்த மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் கே.எல். சென்ட்ரல் இருக்கிறது. பழைய ரயில்வே முற்றம் இருந்த நிலத்தில் எழுந்து 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நிலையம் அது. நான் கொமுட்டரில் வந்து இறங்கியதும் அங்கேதான். கொமுட்டர் ஓடும் தண்டவாளத்தின் அகலம் 1,000 மில்லிமீட்டர். விமான நிலையத்துக்குப் போகும் விரைவு ரயிலின் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். மோனோரயிலோ ஒற்றை உத்தரத்தின் மேல் ஓடுகிறது. கொமுட்டர் பெட்டியை விமான நிலையத் தண்டவாளத்தில் ஏற்ற எவராலும் ஆகாது. அதற்காகச் சிரம்பானில் ஏறிய பாட்டி விமான நிலையத்துக்குப் போகாமலா இருக்கிறார்? இறங்குகிறார், நடைமேடை மாறுகிறார், சீட்டைக் காட்டுகிறார், அடுத்த வண்டியில் ஏறுகிறார். ரயில்கள் ஒன்றாக வேண்டியதில்லை. இரண்டும் வந்து நிற்கும் நிலையம் ஒன்று இருந்தால் போதும்.

கணினிகளுக்கும் அப்படியொரு பொது நிலையம் உண்டு. அதற்கு எஸ்.எம்.பி. என்று பெயர். ஒரு கணினி மற்றொன்றிடம், "உன் கோப்பைக் காட்டு, திற, கொடு, வைத்துக்கொள்" என்று கேட்பதற்கான ஒப்பந்த மொழி அது. 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவர் இதை வகுத்தார். பின்னர் மைக்ரோசாஃப்ட் விரிவாக்கி விண்டோஸில் வைத்தது. மற்றக் கணினிகளுக்கு அம்மொழி எப்படி வந்தது தெரியுமா? 1992 வாக்கில் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற மாணவர், இரண்டு கணினிகள் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டு, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் போகிறது என்று கவனித்தே அந்த மொழியைக் கற்றார். சந்தையில் நின்று காதால் கேட்டே மலாயும் சீனமும் கற்ற நம் முன்னோர் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவர் எழுதிய நிரலுக்குப் பிறகு ஒரு புதுப் பெயர் தேவைப்பட்டது. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொற்களைச் சொற்பட்டியலில் தேடினார். சம்பா என்ற சொல் அகப்பட்டது. இன்று லினக்ஸ் கணினிகள் விண்டோஸோடு பேசுவது அந்தச் சம்பாவினால்தான். ஆப்பிள் நிறுவனமும் தன் சொந்த முறையைப் பின்னுக்குத் தள்ளி, 2013ஆம் ஆண்டு முதல் மேக்கில் எஸ்.எம்.பி.யையே முதன்மையாக வைத்தது. ஆக, "சேராது" என்ற சொல்லுக்கு இன்று இடமே இல்லை.

அப்படியானால் ஏன் மறுக்கிறது? ஐந்து இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வாருங்கள். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மாற்றியதை எழுதுங்கள். பலிக்கவில்லை என்றால் பழையபடி வையுங்கள். ஐந்தாறு இடத்தில் ஒரே சமயத்தில் கை வைத்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

முதலாவது, பாதை. இரண்டு கணினிகளும் ஒரே வலையில் இருக்கின்றனவா? ஒன்று பள்ளி வைஃபையிலும் மற்றொன்று விருந்தினர் வைஃபையிலும் இருந்தால், பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தாலும் அவை வேறு வேறு ஊர்கள். விருந்தினர் வலை ஒரு கணினியை மற்றொன்றின் கண்ணில் படாமல் மறைப்பதற்கென்றே அமைந்தது. ஒவ்வொரு கணினிக்கும் வலையில் ஓர் எண் முகவரி உண்டு. பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். சிறிய பள்ளி வலையில் முதல் மூன்று எண்கள் இரண்டிலும் ஒன்றாக இருப்பதே வழக்கம். 169.254 என்று தொடங்கினால் அக்கணினிக்கு முறையான முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். கம்பியைப் பாருங்கள், வைஃபையைப் பாருங்கள். கணினி உறங்கிப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். உறங்குகிறவன் வீட்டுக் கதவைத் தட்டி என்ன பயன்?

இரண்டாவது, பெயர். தோட்டத்துப் பெரியவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று தெரியும். விடியற்காலையில் களத்தில் நிற்க வேண்டும், பெயர் கூப்பிட வேண்டும், "இருக்கேங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். கணினிகளும் வலையில் அப்படித்தான் பெயர் கூப்பிட்டுக் கொள்கின்றன. ஆனால் விண்டோஸ் ஒரு விதமாகக் கூப்பிடும், மேக் இன்னொரு விதமாகக் கூப்பிடும். அதனால் ஆள் களத்தில் இருந்தும் பட்டியலில் பெயர் வராமல் போவதுண்டு. "வலையில் காணோமே" என்று மனம் தளர வேண்டாம். பெயரை விட்டுவிட்டு எண் முகவரியால் நேரே போய்க் கேளுங்கள். மேக்கில் ஃபைண்டரின் "கோ" பட்டியலில் "கனெக்ட் டு சர்வர்" என்பதைத் திறந்து, எஸ்.எம்.பி. என்ற மூன்று ஆங்கில எழுத்து, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு எண் முகவரி என்று எழுத வேண்டும். விண்டோஸில் கோப்புச் சாளரத்தின் முகவரிப் பட்டையில், பின்பக்கம் சாய்ந்த கோடு இரண்டு போட்டு எண்ணை எழுத வேண்டும். எண்ணால் கிடைத்து, பெயரால் கிடைக்கவில்லை என்றால் பழுது பெரட்டில்தான். கதவையும் சாவியையும் தொட வேண்டாம்.

மூன்றாவது, கதவு. புதிய வைஃபையில் சேரும்போது விண்டோஸ் அதைப் பொது வலை என்று கொள்ளலாம். பேருந்து நிலையத்தில் பையை மார்போடு அணைத்துக்கொள்கிறோம் அல்லவா? பொது வலையில் விண்டோஸும் அப்படித்தான் தன்னை மூடிக்கொள்ளும். பள்ளியின் சொந்த வலையைத் தனியார் வலை என்று மாற்றி, கோப்புப் பகிர்வை அங்கே மட்டும் அனுமதிக்க வேண்டும். மேக்கில் "ஷேரிங்" பகுதியில் கோப்புப் பகிர்வை இயக்க வேண்டும். அதற்குள்ளேயே விண்டோஸ் பகிர்வுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. அதில் உரிய கணக்கின் பெயருக்கு நேராகக் குறியிட வேண்டும். இந்தச் சின்னக் குறி விட்டுப் போனதால் அரைநாள் வீணானவர்கள் பலர்.

நான்காவது, சாவி. கேட்கப்படும் பெயரும் கடவுச்சொல்லும் நீங்கள் போய்ச் சேரும் கணினியினுடையவை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியினுடையவை அல்ல. பக்கத்து வீட்டுப் பூட்டுக்கு நம் வீட்டுச் சாவி சேருமா? அடுத்து, காலையில் விண்டோஸைத் திறக்க நாம் தட்டும் நான்கு அல்லது ஆறு இலக்க எண் அந்த ஒரு பெட்டிக்கு மட்டுமே உரியது. வலை வழியாக வருகிறவருக்கு அது சாவி ஆகாது. கணக்கின் முழுக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத கணக்கையும் விண்டோஸ் வலை வழியே இயல்பாக உள்ளே விடாது. கடவுச்சொல்லை மாற்றிய பிறகு, பழையதை நினைவில் வைத்திருக்கும் கணினி அதையே திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டிருக்கும். சேமித்து வைத்த பழைய சாவியை அழித்துவிட்டுப் புதிதாகக் கொடுங்கள்.

ஐந்தாவது, அலமாரி. வீட்டுக்குள் வந்துவிட்டோம். ஆனால் கோப்பைப் படிக்க முடிகிறது, திருத்திச் சேமிக்க முடியவில்லை. விண்டோஸில் ஒரு கோப்புறைக்கு இரண்டு பூட்டு உண்டு. பகிர்வுக்கான அனுமதி ஒன்று, கோப்புறைக்கே உரிய அனுமதி இன்னொன்று. இரண்டில் எது கண்டிப்பானதோ அதுவே செல்லும். ஒன்றைத் திறந்து மற்றொன்றை மறந்தால் கை வெறுங்கைதான்.

அன்பர்களே, இந்த இடத்தில் குரலைச் சற்று உயர்த்திச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. எங்கள் பள்ளியில் மேக்கில் இருந்த ஆறாம் ஆண்டு மாணவர்களின் கட்டுரைகள் மலருக்காக அலுவலகக் கணினிக்குப் போக வேண்டியிருந்தது. போகவில்லை. பழுது பார்க்க வந்த ஒருவர் நேரம் பார்த்தாரே தவிர வரிசை பார்க்கவில்லை. தீச்சுவரை முழுக்க அணைத்தார், பழைய எஸ்.எம்.பி. முதல் பதிப்பை இயக்கினார், அலுவலகக் கோப்புறையை "எல்லாருக்கும் முழு உரிமை" என்று திறந்து வைத்தார். கோப்பு போயிற்றுதான். ஆனால் அந்தக் கோப்புறையில் என்ன இருந்தது? பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல், பெற்றோரின் அடையாள அட்டை எண், சம்பள விவரம். அவை அத்தனையும் வைஃபையில் சேரும் எவர் கையிலும் எட்டும்படி கிடந்தன. சாவியை மறந்தவன் வீட்டுச் சுவரையே இடித்த கதை இது. கிராணிதான் முதலில் கவனித்தார். "சார், என் போன்லேயே எல்லாம் தெரியுதே!" என்றார். அன்று மாலையே எல்லாவற்றையும் பழையபடி மூடிவிட்டு ஒவ்வொரு படியாகப் பார்த்தோம். பழுது நான்காவது படியில் இருந்தது. கடவுச்சொல் கேட்ட இடத்தில் எல்லாரும் அந்த ஆறு இலக்க எண்ணையே தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பழைய முதல் பதிப்பை ஏன் தொடக்கூடாது? 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் வானாக்ரை என்ற தீநிரல் உலகைக் கலக்கியது. ஏறக்குறைய 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகளே தள்ளிப் போயின. அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டை, எஸ்.எம்.பி. முதல் பதிப்பில் இருந்த ஓட்டை. அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2017 இறுதி முதல் புதிய விண்டோஸ் பதிப்புகளில் அந்த முதல் பதிப்பு இயல்பாக இருப்பதில்லை. 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பு இன்னும் கண்டிப்பானது. இதனால் சில பழைய கணினிகள் புதியவற்றோடு பேச முடியாமல் போகலாம். அப்போது செய்ய வேண்டியது பழைய கணினியைப் புதுப்பிப்பது. புதியதைப் பலவீனமாக்குவது அல்ல. பகிர்வுக்கென்று தனியாக ஒரு கோப்புறை, அதற்கென்று தனியாக ஒரு கணக்கு. இவ்வளவே போதும். பிள்ளைகளின் சொந்த விவரங்கள் அந்தக் கோப்புறைக்குள் போகவே கூடாது.

ஐந்து படியும் சரி, கோப்பும் வந்து சேர்ந்தது. பிறகும் இரண்டு தொல்லைகள் உண்டு. இரண்டும் தமிழர்களாகிய நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை.

ஒன்று, கோப்பின் பெயர். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு, உடுக்குறி, மேற்கோள் குறி போன்றவற்றைக் கோப்புப் பெயரில் விண்டோஸ் ஏற்காது. மேக்கில் "சோதனை 1/2" என்று பெயர் வைக்கலாம். விண்டோஸில் அது தகராறு செய்யும். பெயர் புள்ளியில் முடிவதும் விண்டோஸுக்கு ஆகாது. நமக்கோ தலைப்பெழுத்தும் புள்ளியும் போட்டே பழக்கம்! பெயரின் கடைசியில் மட்டும் புள்ளியை விட்டுவிடுங்கள்.

தமிழ் எழுத்திலேயே ஒரு நுட்பம் இருக்கிறது. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குக் "கொ" எழுதக் கற்றுக் கொடுக்கிறோம். முன்னால் ஒற்றைக் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். கணினி இந்தக் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விண்டோஸின் கணக்கில் வேறு வேறு. மேக்கின் பழைய கோப்பு முறை இதைப் பிரித்தே வைத்தது. 2017இல் புதிய முறை வந்த பிறகும், மேக்கில் சுருக்கி அனுப்பிய ஜிப் பொதிகளில் பிரிந்த பெயர்கள் வருவதுண்டு. அதனால் "பொங்கல்", "தோட்டம்" போன்ற பெயருள்ள கோப்பு கண்ணெதிரே இருந்தும், தேடினால் அகப்படாமல் போகலாம். ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நிற்கலாம். பேய் வேலை என்று பயப்படாதீர்கள். ஒன்றைத் திறந்து பார்த்து, விண்டோஸிலேயே பெயரைப் புதிதாகத் தட்டச்சுச் செய்தால் தீர்ந்தது.

இரண்டு, கோப்பின் உள்ளே இருக்கும் எழுத்து. பழைய மலர்களின் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் புரியாத ஆங்கிலக் குறிகள் வரிசை வரிசையாக நிற்கும். "கோப்பு கெட்டுப் போச்சு, அழிச்சிடுங்க" என்பார்கள். அழித்துவிடாதீர்கள். 1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியீட்டு முறையில் இயங்கின. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் படிக்க வராது. இதைச் சீர்செய்ய உழைத்தவர்களில் நம் மலேசியரும் உண்டு. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் அவர்களை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். 1999இல் சென்னையிலும் 2001இல் இதே கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடியது தமிழ்க் கணினி வளர்ச்சிக்காகத்தான். இன்று யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டினால் விண்டோஸ், மேக், லினக்ஸ், கைப்பேசி எல்லாவற்றிலும் ஒரே தமிழ் படிக்க முடிகிறது. அந்தப் பழைய கோப்புகள் கெட்டவையல்ல. அந்தக் கால எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள், அல்லது குறியீடு மாற்றும் நிரலால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மூலக் கோப்பை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? தோட்டம் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்ட ஊர்கள் நம் நாட்டில் பல. அந்த ஊரில் ஒரு பிள்ளை "எங்கள் தோட்டம்" என்று எழுதிய கட்டுரை எங்கேனும் மிஞ்சியிருக்கிறது என்றால், அது ஒரு பழைய பள்ளி மலரின் கோப்பில்தான் இருக்கும். ஒரு கணினி திறக்கவில்லை என்பதற்காக அதை அழித்தால், அந்தத் தோட்டம் இரண்டாம் முறை அழிகிறது.

மாணவச் செல்வங்களே, ஒரு காரியம் நடக்கவில்லை என்றால் "இது சேராது, அது ஆகாது" என்று கை கழுவாதீர்கள். எந்தப் படியில் நிற்கிறது என்று கேளுங்கள். பாதையா, பெயரா, கதவா, சாவியா, அலமாரியா? கேள்வியைச் சிறிதாக்கினால் பதில் தானே வரும். கணினிக்கு மட்டுமல்ல, கணக்குப் பாடத்துக்கும் இதுவே வழி.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, அடுத்த வாரமே உங்கள் பள்ளியில் ஓர் ஏட்டைத் தொடங்குங்கள். எந்தக் கணினியில் எந்த முறை, என்ன பழுது வந்தது, எந்தப் படியில் தீர்ந்தது என்று எழுதி வையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாதீர்கள். இன்று இருக்கும் ஆசிரியர் நாளை மாற்றலாகிப் போவார். ஏடு பள்ளியிலேயே இருக்கும்.

 பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு என் வாழ்த்து.